காஞ்சொறிச் சீமாட்டிக்கு ஊளை வேண்டும்

தெல்மா கிரிம்ஷாவைப் பார்த்து ஊரே ஊளையிட வேண்டும். அதுதான் அவளுக்குக் கிறிஸ்துமஸ். மற்றவர்களுக்கு வான்கோழியும் புட்டிங்கும் போதும். அவளுக்கு அதெல்லாம் தொட்டுக்கொள்ளத்தான்.

ஆல்டர்ஷாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மதியம் தொடங்கிச் சில நாளுக்குச் சர்ச் மண்டபத்தில் நாடகக் கழகத்தின் பாட்டு நாடகம் நடக்கும். நடிப்பவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள்; தபால்காரர் ராஜாவாக வருவார், ராஜாவின் மந்திரி மறுநாள் நம் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வருவார். கைக்குழந்தை முதல் பல் போன கிழவர் வரை குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். தேவதை மேடையின் வலப்பக்கமிருந்து வருவாள், வில்லி இடப்பக்கமிருந்து. வில்லி தலையை நீட்டியதும் மண்டபம் மொத்தமும் சேர்ந்து ஊளையிடும். அப்படி ஊளை வாங்காதவள் வில்லியே இல்லை, வழிதவறி மேடையேறிய யாரோ ஒருத்தி. இது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

தெல்மா பதினைந்து வயதில் பருத்தி மில்லுக்குப் போனவள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் அந்தத் தொண்டை அப்படி ஆனது. மில்லை மூடியதும் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனாள். முட்டைக்கோஸை ஒதுக்கி வைக்கிற பிள்ளையைக் கரண்டியை ஆட்டியே சாப்பிட வைப்பாள். நாடகக் கழகத்துக்குள் அவள் நுழைந்தது துணி தைக்கத்தான். ஒரு வருஷம் சூனியக்காரியாக நடிக்க வேண்டியவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. ‘உனக்குத்தான் தொண்டை இருக்கே, நீ போடி’ என்று இவளைத் தள்ளிவிட்டார்கள். போனாள். மண்டபம் ஊளையிட்டது. கழுத்தில் மாலை விழுந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அன்று ஏறியவள்தான், பிறகு இறங்கவேயில்லை.

அவள் புருஷன் வில்ஃப் ஒரு நாடகத்துக்குக் கூட வந்ததில்லை. “வீட்ல தெனமும் ஓசியில பாக்கறேன். அங்க வேற காசு குடுத்துப் பாக்கணுமா?” என்பான். காலையில் எழுந்ததும் தேநீர் ஆறிப்போச்சு என்று தொடங்கினால் ராத்திரி ஜன்னலைத் திறக்கலாமா கூடாதா என்பது வரைக்கும் சண்டை. “கெழட்டுச் சூனியக்காரி” என்று அவன் கத்துவான், “மொட்டைத் தலையா” என்று இவள் கத்துவாள். பக்கத்து வீட்டு எட்னா ஹேஸ்லம் சுவரைத் தட்டுவாள். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு எட்னாவைத் திட்டுவார்கள். நல்ல தாம்பத்தியம் என்றால் அதுதான், வேறென்ன?

அந்த வருஷம் அக்டோபரில் வில்ஃப் தன் காய்கறித் தோட்டத்தில் கோழிக்குத் தீனி போடப் போனவன் அங்கேயே விழுந்து செத்துப்போனான். தெல்மா அடக்கத்தில் அழவில்லை. அழ விட்டால்தானே! ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு குசுகுசுவென்று பேசினார்கள். அன்றிலிருந்து ஊருக்கே தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் தானே இடம் பிடித்துக் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முட்டைக்கோஸைப் பேசாமல் தின்றார்கள். டீச்சர் சொல்லிக் கொடுத்திருப்பாள். எட்னா கூட, தெல்மாவுடன் சண்டை போடுவதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்தவள், “என்ன கண்ணு, தூங்குனியா?” என்று தலையைச் சாய்த்துக் கேட்டாள். தெல்மாவுக்கு அறையலாம் போல இருந்தது. வீட்டில்தான் சத்தமில்லை என்றால் தெருவிலுமா? உயிரோடு புதைக்கிறார்களே பாவிகள் என்று மனசு கொதித்தது.

நாடகத்தை நடத்துகிறவன் கிளைவ் ஆர்மராட். வங்கியில் வேலை பார்க்கிற ஆள், நல்லவன், யாரையும் நோகடிக்கத் தெரியாதவன். அந்த மாதிரி ஆட்கள்தான் ஆபத்து. ஒத்திகைக்கு வந்த தெல்மாவை ஓரமாக அழைத்துப் போனான்.

“இந்த வருஷம் தேவதையா வாங்களேன் தெல்மா. வெள்ளை உடுப்பு, ஒரு பாட்டு, வலப்பக்கமா வந்து நிக்கணும், அவ்வளவுதான்.”

“ஏன், வில்லி காஞ்சொறிச் சீமாட்டிய யார் செய்யறது?”

“நைஜல் செய்யட்டும்னு...”

“யாரு, அந்தப் பல் டாக்டரா? அவன் வாயத் தொறன்னு சொன்னா ஊரே தொறக்கும். ஊளையிடச் சொன்னா எவன் இடுவான்?”

கிளைவ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அதில்ல. ஜனங்களால உங்களப் பாத்து ஊளையிட முடியாது. மனசு வராது. பாவம், புருஷன் போய் ரெண்டு மாசம் கூட ஆகலேன்னு நெனப்பாங்க.”

“கிளைவு, நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப கஸ்டர்டு வேணும்னு ரெண்டாவது தடவை வரிசையில வந்து நின்னவன். உனக்கு நான் போட்டேனா இல்லையா?”

“போட்டீங்க.”

“இப்ப நான் வந்து நிக்கறேன். போடு.”

பாவம், அவன் என்ன செய்வான்? ஒரு ஏற்பாட்டுக்கு வந்தான். முதல் நாள், இடைவேளை வரை தெல்மா. ஊளை வந்தால் கடைசி நாள் வரைக்கும் அவள்தான் சீமாட்டி. வராவிட்டால் இடைவேளையோடு அங்கியைக் கழற்றி நைஜலிடம் கொடுத்துவிட வேண்டும். தெல்மா உள்ளங்கையில் எச்சில் தொட்டு, பேரம் முடிந்த அடையாளமாகக் கைகுலுக்கினாள். கிளைவ் கைக்குட்டையைத் தேடினான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. ஈரக் கோட்டு வாசனை, ஆரஞ்சுத் தோல் வாசனை, முன்வரிசையில் கால் எட்டாத பிள்ளைகள். நாடகத்தில் வரும் மில் முதலாளியின் மகள் மில்லி பாடி முடித்ததும் பச்சை விளக்கு எரிந்தது. பியானோ கீழ்க்கட்டையில் உறுமியது. இடப்பக்கத் திரையிலிருந்து காஞ்சொறிச் சீமாட்டி வந்தாள். முள் வைத்துத் தைத்த அங்கி, மையால் தீட்டிய புருவம் நெற்றி உச்சி வரைக்கும்.

மண்டபம் கப்சிப்.

பிறகு எங்கோ பின்னால் ஒருவர் மெல்லக் கைதட்டினார். உடனே எல்லாரும் தட்டினார்கள். அடக்கமான, ஆறுதலான கைதட்டல். ஒரு சின்னப் பெண் “ஊ” என்று ஆரம்பித்தாள். அவள் அம்மா சட்டென்று வாயைப் பொத்திவிட்டாள்.

தெல்மாவுக்குக் காது சூடேறியது. “இந்த மில்ல என் பேருக்கு எழுதி வாங்காம விடமாட்டேன்!” என்று கர்ஜித்தாள். இந்த இடத்தில் கூட்டம் ‘முடியவே முடியாது’ என்று கத்த வேண்டும். அதற்காகவே எழுதி வைத்த வசனம் அது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்வரிசைக் கிழவி ஒருத்தி, வாங்கிக்கோயேன் என்பது போல அன்பாகத் தலையாட்டினாள்.

உள்ளே வந்தால் நைஜல் புருவத்துக்கு மை தீட்டிக்கொண்டு தயாராக நிற்கிறான். “மன்னிச்சுக்குங்க தெல்மா,” என்றான். அவன் கூட மெதுவாகத்தான் பேசினான்.

கிளைவ் அவள் தோளில் கை வைத்தான். “நான் சொன்னேன்ல? அவங்களுக்கு உங்க மேல பாசம்.”

“பாசத்தத் தூக்கி உலையில போடு. இடைவேளைக்கு முன்னால எனக்கு இன்னொரு தடவை இருக்கு.”

“ரெண்டு வரிதானே அது?”

“ரெண்டு வரியோ இருபது வரியோ, நான் பாத்துக்கறேன். நீ திரைய மட்டும் போட்டுறாத.”

இரண்டாவது தடவை வந்தவள் வசனத்தைத் தொடவே இல்லை. மேடையின் விளிம்பு வரைக்கும் வந்து, இடுப்பில் கைவைத்து நின்று கூட்டத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

“கைதட்டுறீங்களோ? யார் கேட்டா உங்க கைதட்டல? உங்க புட்பால் டீமுக்குக் கொண்டுபோய்த் தட்டுங்க. அவனுங்களுக்குத்தான் பந்து எது, பரங்கிக்காய் எதுன்னு தெரியாது!”

பின்வரிசையில் ஒரு இருமல். யாரோ சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

“உங்க பாட்டுக் குழு! அடக்கத்துல பாடுனாங்களே, கேட்டீங்கள்ல? அதக் கேக்காம தப்பிச்சது வில்ஃப் ஒருத்தன்தான்!”

மண்டபம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது. திரைக்குப் பின்னால் கிளைவ் சுவரில் சாய்ந்துவிட்டான். பெயரைச் சொல்லிவிட்டாளே! இரண்டு மாதமாக ஒருத்தரும் அவள் முன்னால் சொல்லத் துணியாத பெயர் அது. ஆனால் ஊளை மட்டும் வரவில்லை. தெல்மாவின் கண் வரிசை வரிசையாகத் தேடியது. இரண்டாவது வரிசையில், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு, கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள் எட்னா ஹேஸ்லம்.

“எட்னா! அந்தக் கைக்குட்டைய உள்ள வை. நீ ஒரு பழக்கேக்கு செஞ்சு குடுத்தியே எனக்கு?”

எட்னா திடுக்கிட்டுப் பார்த்தாள். எட்னாவின் பழக்கேக்கு என்றால் லேசுப்பட்டதில்லை. ஊர்க் கண்காட்சியில் வருஷா வருஷம் அதற்குத்தான் பரிசு. அதைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்ன பாதிரியார் ஒருவர் மாற்றலாகியே போய்விட்டார் என்று பேச்சு.

“அத நான் வில்ஃபோட கோழிங்களுக்குப் போட்டேன்!” சீமாட்டி அங்கியை விசிறினாள். “அன்னைக்கு முட்டைய நிறுத்துன கோழிங்கதான். இன்னும் ஒண்ணு கூடப் போடல!”

எட்னாவின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. கைக்குட்டை கீழே விழுந்தது. எழுந்து நின்றாள். தொப்பி சரிந்தது. அந்தக் குண்டு உடம்புக்குள் இவ்வளவு காற்று எங்கே இருந்ததோ!

“ஊஊஊஊஊ!”

அவ்வளவுதான். வாய் பொத்தப்பட்ட சின்னப் பெண் அம்மாவின் கையைத் தட்டிவிட்டுக் கத்தினாள். கால்பந்து ஆடுகிறவர்கள் பின்னால் பெஞ்சில் ஏறி நின்றார்கள். பாட்டுக் குழு ஒரே சுருதியில் ஊளையிட்டது, முதல் முறையாகச் சுருதி சேர்ந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “இந்த மில்ல எழுதி வாங்காம விடமாட்டேன்!” என்றாள் தெல்மா. “முடியவே முடியாதூ!” என்று ஊர் கத்தியது. “முடிச்சுக் காட்டுறேன் பாரு!” என்றாள். “முடியவே முடியாதூ!” கிளைவ் திரையைப் போடச் சொல்லிக் கையைக் காட்டியும் கயிற்றுக்காரன் போடவில்லை, அவனும் ஊளையிட்டுக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் நைஜல் புருவத்து மையைத் துடைத்தான். தெல்மா உடுப்பு மாற்றும் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கதவை உதைத்துத் திறந்துகொண்டு எட்னா வந்தாள்.

“ஏண்டி, நெசமாவே கோழிக்கா போட்ட?”

ஒரு துணுக்குக் கூட மிச்சம் வைக்காமல் தின்றிருந்தாள் தெல்மா. அடக்கம் முடிந்த வாரத்தில் அவள் தொண்டையில் இறங்கியது அது ஒன்றுதான். அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் எட்னா மறுபடியும் தலையைச் சாய்ப்பாள், கண்ணு என்பாள்.

“ஆமாண்டி. போட்டேன்.”

“நன்றிகெட்ட முண்டம்! ஆறு முட்டை, அரைப் போத்தல் பிராந்தி ஊத்தி ஊறவெச்சேண்டி அத! உனக்கெல்லாம் காஞ்ச ரொட்டி போதாதா? அந்த மனுஷன் உன்னோட எப்படித்தான் குடும்பம் நடத்துனானோ!”

“உன் வாயக் கேக்கறதுக்கு என் வாயே மேல்னு நடத்துனான்!”

சொல்லும்போதே தெல்மாவுக்குக் கண்ணீர் முட்டியது. புருவத்து மை கன்னத்தில் ஓடி முள் அங்கியில் சொட்டியது. அக்டோபரிலிருந்து வராத அழுகை, வாய்விட்டு, அசிங்கமாக வந்தது. எட்னா பேச்சை நிறுத்தினாள். கை தானாக முன்னால் நீண்டது, தலை ஒரு பக்கமாகச் சாயப் பார்த்தது.

“நிறுத்தாதடி,” என்றாள் தெல்மா. “திட்டு.”

எட்னா தொப்பியை நிமிர்த்தி, தோள்பையை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். முதல் தடவை சுவரைத் தட்டிய நாளிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாம் பாதிக்கு மணி அடிக்கும் வரைக்கும் மூச்சு விடாமல் திட்டினாள்.