ஏழில் நுழைய வேண்டிய பாட்டு

பேட் அண்ணனை நினைத்தால் அவருடைய வலது கால் கட்டை விரல்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. எலக்ட்ரானிக் பேடில் தாளம் வாசிப்பவர். இரண்டு கையிலும் குச்சி இருக்கும் என்பதால் டேப் ரெக்கார்டரைத் தரையில் வைத்துக் கட்டை விரலால்தான் நிறுத்துவார், பின்னால் ஓட்டுவார், மறுபடி பாட விடுவார். ஒரே பாட்டின் ஒரே இடத்தை ஒரு சாயங்காலம் முழுக்கக் கேட்பார். பெண் குரல் வருவதற்குச் சற்று முன்னால் அந்த விரல் இறங்கிவிடும். எங்கள் மெல்லிசைக் குழுவில் பெண் குரல் நான் ஒருத்திதான். என் இடத்தில் மட்டும் ஏன் நிறுத்துகிறார் என்று எனக்கு அப்போதே உறுத்தியது. நான் அப்படித்தான். கடைக்காரர் கொசுறு கொடுத்தால்கூட எடையில் எங்கே குறைத்தார் என்று பார்க்கிறவள்.

பகலில் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலை எனக்கு. எல்லாப் பொம்மைக்கும் ஒரே கண்தான். சாயங்காலம் எங்கள் குழுத் தலைவரின் ஷெட்டில் ஒத்திகை. கீபோர்டு வாசிப்பவரும் அவரே. பக்கத்து யூனிட்டில் களிமண் அரைக்கிற மில் ஒன்று ஓடும். பெரிய இரும்பு உருளை, உள்ளே கல்லும் மண்ணும் தண்ணீருமாக உருண்டுகொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் 'தொம்' என்று ஒரு சத்தம். புதிதாக வந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்குப் பழகிப் போய், அது கேட்பதே நின்றுவிட்டது.

அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதில் இரண்டாவது இடையிசை முடிந்ததும் தாளம் எல்லாம் நின்றுவிடும். ஒரு புல்லாங்குழல் மட்டும் இழுத்துக்கொண்டே போகும். அந்த வெற்றிடத்தில் மனசுக்குள் எண்ணிக்கொண்டு நான் நுழைய வேண்டும், அதே நேரத்தில் பேடும் விழ வேண்டும். எட்டு எண்ணி வந்தால் பாட்டு நம்மை விட்டுவிட்டுப் போயிருக்கும். முதலில் டேப் இழுத்துக்கொண்டதோ என்று சந்தேகப்பட்ட பேட் அண்ணன், வேறு இரண்டு கேசட் வாங்கிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எட்டுல ஒன்ன மியூசிக் போட்ட மனுஷன் முழுங்கிட்டாரு. ஏழு முடிஞ்சதும் வந்துடணும் பாப்பா."

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. காரணம் இருந்தது. அவருடைய கொழுந்தியாள் ஒத்திகை பார்க்க வந்து ஓரமாக உட்காருவாள். நன்றாகப் பாடுவாள், அதுதான் பிரச்சினையே. சோழியன் குடுமி சும்மா ஆடாது. என்னைத் தவறான எண்ணிக்கையில் தள்ளிவிட்டு, மேடையில் நான் அசிங்கப்பட்ட பிறகு அவளைக் கொண்டுவரப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். மனசில் வைத்துக்கொள்ளவும் இல்லை. கண் எழுதிக்கொண்டே பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு யூனிட்டுக்குள் சொன்னது டீ குடிக்கிற நேரத்துக்குள் பஸ் ஸ்டாண்டு போய்விடும். எனக்கோ அந்த மைக் ஒன்றுதான் இருந்தது. அதை விட்டால் பொம்மைக் கண்தான்.

ஆனால் ஒத்திகையில் ஏழு சரியாகவே வந்தது. ஒருநாள்கூடப் பிசகவில்லை.

வேப்பூரில் ஒரு கல்யாண வரவேற்பில் அந்தப் பாட்டை முதல் முறையாக மேடையில் எடுத்தோம். புல்லாங்குழல் இழுத்தது. நான் நுழைந்தேன். பேட் என்னோடு விழவில்லை. பின்னால் எங்கேயோ விழுந்தது. கீபோர்டு யார் பின்னால் போவது என்று தெரியாமல் திணறியது. ஒரு முழு வரி கந்தலாகிப் போனது. மாப்பிள்ளை வீட்டாரில் யாரோ விசில் அடித்தார்கள்.

மறுநாள் ஷெட்டில் அதே பாட்டைப் பாடினால் ஊசி முனை அளவுகூடப் பிசகவில்லை. இங்கே சரியாக அடிக்கிறவருக்கு அங்கே மட்டும் ஏன் தப்புகிறது? எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. தலைவரும் விடவில்லை. தப்புப் பண்ணியவர் இனி மேடையேறக் கூடாது என்று சொல்லிவிட்டார். நிகழ்ச்சிகளையும் ஒத்திகைகளையும் அவர் பதிவு செய்து வைப்பது வழக்கம். வேப்பூர் கேசட்டைப் போட்டார். அந்தக் கந்தலில் யார் முந்தியது, யார் பிந்தியது என்று எங்கள் ஒருவருக்கும் பிடிபடவில்லை. எல்லோரும் பேட் அண்ணனைப் பார்த்தோம். அவர் கட்டை விரலால் ஓட்டி ஓட்டிக் கேட்டார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்: "பாப்பா சரியாத்தான் வந்துச்சு. நான்தான் லேட்டு."

எனக்கு நிம்மதி வருவதற்குப் பதிலாகச் சந்தேகம்தான் கூடியது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருந்தது. இதில் என்ன சூழ்ச்சியோ என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் வரவில்லை, கொழுந்தியாளும் வரவில்லை. கீபோர்டுக்குள்ளேயே தாளம் வருகிற புது மாடலைத் தலைவர் வாங்கிவிட்டார். கல்யாணம், கோயில் திருவிழா என்று நான் பல வருஷம் பாடினேன். கடைத்தெருவில் பேட் அண்ணன் எதிரே வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

போன வருஷம் தலைவர் தன்னிடம் இருந்த பழைய கேசட்டுகளை எல்லாம் செல்போனுக்கு மாற்றி எங்களுக்கு அனுப்பினார். இப்போது பாட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்க முடிகிறது. வேலை இல்லாத ஒரு மத்தியானம் வேப்பூர் பதிவை மெதுவாக ஓடவிட்டு, விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே எண்ணினேன். ஆறு முடிந்ததும் என் குரல் வந்துவிட்டது. திரும்பவும் எண்ணினேன். ஆறுதான். பேட் எட்டு முடிந்து விழுகிறது. இரண்டு பேருமே தப்பு.

அப்புறம் ஒத்திகைப் பதிவைக் கேட்டேன். பாட்டு தொடங்கும்போதே ஒரு 'தொம்'. அதன் மேல்தான் பேட் அண்ணன் முதல் அடியைப் போடுகிறார். புல்லாங்குழல் மட்டும் கேட்கிற அந்த வெற்றிடத்தின் நடுவிலும் ஒரு 'தொம்'. அதையும் சேர்த்து மூன்று எண்ணிக்கொண்டு நானும் அவரும் ஒன்றாக நுழைகிறோம். நாங்கள் ஏழு எண்ணவே இல்லை. மண் அரைக்கிற மில்தான் எங்களுக்காக எண்ணிக்கொண்டிருந்தது. வேப்பூரில் மில் இல்லை, நெடுஞ்சாலை லாரிகள்தான் இருந்தன.

உடனே அடுத்த சந்தேகமும் வந்தது. எட்டில் ஒன்று குறைவதையே கண்டுபிடித்த காதுக்கு, நான் முந்தியது கேட்காமலா இருந்திருக்கும்?

பேட் அண்ணன் இப்போது கருவேப்பிலங்குறிச்சியில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார் என்று விசாரித்துக்கொண்டு போனேன். முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படாமல் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை. வேப்பூரில் நானும் தப்பு என்பது அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் பாப்பா. கேசட்ட ஓட்டும்போதே புரிஞ்சிடுச்சு. மில்லப் புடிச்சிக்கிட்டே வாசிச்சிருக்கறோம் ரெண்டு பேரும்."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, ண்ணா."

பால் கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"சொன்னா ஒன்னயும் அனுப்பிடுவாரு. அந்த எடத்துக்கு எங்கூட்டுப் பொண்ணத்தான் கூப்புடுவாரு. அதுக்குத்தான் நான் அலையறன்னு ஊரெல்லாம் பேசிக்கிட்டாங்க. அது நெசமாயிடும்ல?"

யார் பேசியது என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க ஏதாவது கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் பிறகு எந்தக் குழுவில் பாடினாள் என்று கேட்டேன்.

"ஊரு அப்படிப் பேசுனப்புறம் அவ எங்க பாடுனா" என்றார்.