மேல்மாடித் தண்ணீர்

டிரெனொவிட்சா கிராமத்தில் ஒரு வீட்டின் முற்றத்துக் குழாயில் சாக்கு சுற்றியிருந்தால், அந்த வீட்டுக்கு இந்தக் குளிர்காலம் யாரும் வரப்போவதில்லை என்று அர்த்தம். சாக்கு சுற்றுவது வெலிச்காவின் வேலை. இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதியவள். எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது என்பது வீட்டைக் கட்டியவர்களுக்கே மறந்திருக்கும், அவளுக்கு மறக்காது. அதனால் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் பிழைக்கப் போனவர்கள் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவளுடைய சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஏழு ஆணி, ஏழு சாவி.

அக்டோபர் கடைசியில், திமித்தர் திருநாள் வருவதற்குள், ஏழு வீட்டையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவாள். ஆளில்லாத வீட்டில் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்துவிடும். மீட்டர் குழிக்குள் குனிந்து வால்வை மூடுவாள். வீட்டிலேயே தாழ்வான குழாயைத் திறந்து தண்ணீரை இறக்குவாள். காற்று நுழைவதற்காக மேலே உள்ள குழாய்களையும் திறந்து விடுவாள். கீசரைக் காலி செய்து, கழிப்பறைத் தொட்டியின் அடியில் கிடக்கும் மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுப்பாள். வாஷ்பேசினுக்கு அடியில் வளைந்திருக்கும் குழாயில் மட்டும் எப்போதும் தண்ணீர் தங்கும். அதற்குள் ஒரு தம்ளர் வீட்டுச் சாராயத்தை ஊற்றுவாள். ஊற்றினால் உறையாது.

எதிர்வீட்டு கென்கோவுக்கு இதில் தீராத மனக்குறை. அந்தத் தெருவில் குளிர்காலத்தில் புகை வருவது அவர் வீட்டிலும் இவள் வீட்டிலும்தான்.

"ஏம்மா வெலிச்கா, எதிர்ல ஒரு மனுஷன் தொண்டை காஞ்சு கெடக்கேன். நீ ஊரு குழாய்க்கெல்லாம் சாராயம் ஊத்திட்டுத் திரியுற!"

"குழாய் குடிச்சிட்டு என்கிட்ட வம்பு பேசாது அண்ணே."

வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்களுக்குப் போன் போடுவாள். எல்லோரிடமும் ஒரே பேச்சுதான். "தண்ணிய இறக்கிட்டேன். வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சொல்லுங்க, ஏத்தி வைக்கிறேன்." சரி சரி என்பார்கள். அப்படிச் சொல்கிற மூன்று வீட்டுக்காரர்கள் ஊருக்கு வந்தே ஆறு வருடம் ஆகிறது.

ஊர்த் தண்ணீரையெல்லாம் இறக்குகிறவள், தன் வீட்டு மேல்மாடித் தண்ணீரை மட்டும் ஒரு வருடம்கூட இறக்கியதில்லை. அது மகன் யாவோர் பன்னிரண்டு வருடத்துக்கு முன் கட்டிய மாடி. வெளியே தனிப் படிக்கட்டு, நீல டைல்ஸ் பதித்த குளியலறை. கட்டி முடித்த கையோடு ஜெர்மனிக்கு லாரி ஓட்டப் போனான். இதுவரை நாலு தடவை வந்து தங்கியிருக்கிறான். இறக்கினால் அவன் வரமாட்டான் என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம். அதனால் குழாய் உறையாமலிருக்க, தினமும் சாயங்காலம் விறகைத் தூக்கிக்கொண்டு மாடியேறி, ஆளில்லாத அறையில் அடுப்பு மூட்டிவிட்டு இறங்குவாள்.

"யாருக்கும்மா சூடு காட்டுற? டைல்ஸுக்கா?" என்பார் கென்கோ. அவள் விறகை அள்ளிக்கொண்டு படியேறுவாள்.

இந்த வருடம் அவளுக்கு எழுபத்தொன்று, முழங்காலும் மடங்க மறுத்தது. ஆனால் கிறிஸ்மஸுக்குப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வருவதாக யாவோர் சொல்லியிருந்தான். வலியோடு வலியாக விறகு சுமந்தாள். புதுப் போர்வை விரித்தாள். டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி போன் வந்தது.

"அம்மா, லீவு இல்லைன்னுட்டாங்கம்மா. ஈஸ்டருக்குப் பாக்கலாம்."

"அதுக்கென்னப்பா, வேலைதான் முக்கியம்."

தூரத்தில் இருக்கிறவர்களுக்கு ஈஸ்டர் மாதிரி வசதியான பண்டிகை கிடையாது. எப்போதும் அடுத்ததாகவே இருக்கும்.

மறுநாள் ரேடியோவில், கடுங்குளிர் வரப்போகிறது என்று சொன்னார்கள். அப்போதே இறக்கியிருக்க வேண்டும். வேறு யாராவது இறக்காமல் விட்டிருந்தால் கிழி கிழியென்று கிழித்திருப்பாள். தனக்கென்று வரும்போது மனசு கேட்கவில்லை. அன்று விறகைத் தூக்கிக்கொண்டு படியேற முழங்கால் இடம் கொடுக்கவில்லை என்பதால் அடுப்பும் மூட்டவில்லை. வெறுங்கையோடு மெல்ல ஏறி, ஓடுகிற தண்ணீர் உறையாது என்று மாடி வாஷ்பேசின் குழாயை நூலிழை அளவுக்குத் திறந்துவிட்டு இறங்கினாள். கழிவுநீர்க் குழாய் வடக்குச் சுவருக்கு வெளியே திறந்தவெளியில் இறங்குவதை, ஊர்க் குழாய்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவள் மறந்தே போனாள்.

காலையில் கண் விழித்தபோது மேலே தண்ணீர் விழும் சத்தம். யாரோ குளியலறையில் நிற்கிற சத்தம்.

யாவோர் சவரம் பண்ணும்போது குழாயை மூடவே மாட்டான். சின்ன வயதிலிருந்து அதற்காக அவனைத் திட்டியிருக்கிறாள். லீவு கிடைத்திருக்கும். விடிய விடிய வண்டி ஓட்டி வந்தவன், அம்மாவை எழுப்ப வேண்டாமென்று நேரே மாடிக்குப் போயிருக்கிறான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவசர அவசரமாகக் காபி போட்டாள், இரண்டு கோப்பை.

"டேய் யாவோர், குழாய மூடுடா!" என்று சிரித்துக்கொண்டே கத்தியபடி முற்றத்துக்கு வந்தாள்.

முற்றத்தில் கார் இல்லை. படிக்கட்டில் ராத்திரி விழுந்த பனி கலையாமல் கிடந்தது, ஒரு காலடிகூட இல்லை. அதைப் பார்த்தாள். பார்த்த பிறகும் கோப்பைகளோடு ஒவ்வொரு படியாக ஏறினாள்.

கழிவுநீர்க் குழாய் உறைந்து அடைத்துக்கொள்ள, வாஷ்பேசின் நிரம்பி வழிந்து கொண்டிருந்தது. நீல டைல்ஸின் மேல் தண்ணீர் பாதி ஓடிக்கொண்டும் பாதி உறைந்தும் கிடந்தது. அறை வரைக்கும் பரவியதில் புதுப் போர்வையின் நுனி தரையோடு உறைந்து ஒட்டியிருந்தது. அவள் கோப்பைகளை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, குழாயை மூடிவிட்டு, அங்கேயே நின்று அழுதாள்.

பிறகு கீழே வந்து, மாடிக்குப் போகும் தண்ணீரை நிறுத்தப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த வால்வைத் திருகினாள். அது அசையவில்லை. கென்கோ ஸ்பேனரோடு வந்து, வெந்நீர்த் துணி சுற்றி, பல்லைக் கடித்துத் திருகி ஒருவழியாக மூடினார்.

"ஊரு வால்வையெல்லாம் துருப்பிடிச்சு இறுகிடக் கூடாதுன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை திருகிப் பாக்குறவ, இதைத் தொட்டதே இல்லையா?"

"தொட மனசு வரல அண்ணே."

இருவருமாகத் தரையைத் துடைத்தார்கள், கீசரைக் காலி செய்தார்கள். உறைந்த வளைவை வெந்நீர் ஊற்றி இளக்கி, அதில் ஒரு தம்ளர் சாராயம் விட்டாள். கென்கோவுக்கும் ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக் குடித்தார்.

கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் யாவோர் போன் பண்ணினான். பின்னால் பேத்தியின் பேச்சுச் சத்தம் கேட்டது, ஜெர்மன் மொழியில்.

"மேல எல்லாம் நல்லா இருக்காம்மா?"

"நல்லாருக்குப்பா. தண்ணிய இறக்கிட்டேன்."

இந்த ஊர்ப் பிள்ளைதானே, அவனுக்குப் புரியாமலா போகும்?

"வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சொல்லு, ஏத்தி வைக்கிறேன்" என்றாள்.

"சரிம்மா" என்றான். மற்றவர்கள் சொல்கிற அதே குரலில்.

அவள் போனை வைத்துவிட்டு, சுத்தியலை எடுத்து வந்து, கதவுக்குப் பின்னால் எட்டாவது ஆணியை அடித்தாள்.