கோஷர் முத்திரையும் என் தொண்டையும்

முதலில் உதடுதான் சொன்னது. காலை பத்து மணி, அலுவலகக் கேன்டீன், வழக்கமான தே தாரிக் (பால் விட்டு ஆற்றிய தேநீர்). பாதிக் குவளை இறங்கியதும் கீழுதடு மரத்துப்போய், பிறகு அரிக்கத் தொடங்கியது. மிளகாய் பட்டிருக்கும் என்று துடைத்துக்கொண்டேன். அன்று நான் மிளகாயைத் தொடவே இல்லை. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதுவரை எனக்கும் பாலுக்கும் எந்தச் சண்டையும் இல்லை.

அடுத்த இரண்டு மாதங்களில் வயிற்று வலி, கழுத்தில் தடிப்பு, காரணமில்லாத தும்மல். கிள்ளானில் எங்கள் வீட்டருகே உள்ள கிளினிக்கில், லாக்டோஸ் (பாலில் இருக்கும் சர்க்கரை) ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். லாக்டோஸ் நீக்கிய பாலைத் தேடிப் பிடித்து வாங்கிக் குடித்தேன். சிறிது நேரத்தில் முகம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. என் கணவர் குணா பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கார் சாவியை எடுத்தார்.

மருத்துவமனையில் முன்கையில் வரிசையாகத் துளிகள் விட்டு, ஒவ்வொன்றையும் ஊசிமுனையால் லேசாகக் குத்தினார்கள் (தோல் பரிசோதனை). பால் விட்ட இடம் மட்டும் கொசு கடித்த மாதிரி தடித்தது. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. டாக்டர் இளம்பெண், தமிழர்.

“அக்கா, இது இன்டாலரன்ஸ் இல்ல, அலர்ஜி. ரெண்டும் வேற. இன்டாலரன்ஸ்னா வயிறு படுத்தும், அதோட போயிரும். அலர்ஜில தொண்டை அடைக்கும், பிரஷர் இறங்கும்.”

“இந்த வயசுல வருமா டாக்டர்?”

“ரொம்ப ரேர். ஆனா உங்களுக்கு வந்திருச்சே.”

எனக்கு ஆகாதது கேசின் (பாலில் உள்ள ஒரு புரதம்). சர்க்கரையை நீக்கினாலும் புரதம் அப்படியே இருக்கும் என்பதால்தான் அந்த விலையுயர்ந்த பால் என் முகத்தை வீங்க வைத்தது. அட்ரினலின் பேனா (தொடையில் நாமே குத்திக்கொள்ளும் அவசர ஊசி) எழுதிக் கொடுத்தார். கைப்பையை விட்டு அது எங்கும் போகக் கூடாது என்றார்.

பால் என்றால் நம்மவர்களுக்குக் குவளையில் வெள்ளையாக இருப்பது மட்டும்தான். மோர் பால் இல்லை. நெய் பால் இல்லவே இல்லை. கல்யாண வீடுகளில், “சைவம்தான், பயப்படாம சாப்பிடுங்க” என்பார்கள். சைவப் பந்தியைக் கண்டால்தான் எனக்குப் பயம். கோழிப் பிரட்டல் பெரும்பாலும் என்னை ஒன்றும் செய்யாது. பருப்பின் மேல் விட்ட ஒரு கரண்டி நெய் செய்யும். கடையில் தே ஓ (பாலில்லாத தேநீர்) கேட்டாலும், கெட்டிப்பால் கலக்கிய கரண்டியாலேயே கலக்கித் தருகிறார்கள். விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், ஆறு மாதம் வெளியில் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை.

இதில் அதிகம் புண்பட்டவர் மல்லிகா அண்ணி. குணாவின் அக்கா, பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து மாதம் இரண்டு ஞாயிறு அவர் வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. என்னை அவருக்குப் பிடிக்கும் என்பதை அவர் வாயால் சொன்னதில்லை, சோற்றால்தான் சொல்வார். நான் டப்பாவில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்ததும் அந்த வீட்டில் பேச்சு குறைந்தது.

“என் கை அவ்வளவு அசிங்கமா போயிருச்சா தேவி?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

“அப்படி இல்ல அண்ணி. பால்தான் ஆகாது. தேங்காய்ப் பால் ஒண்ணும் செய்யாது. அதுல செய்யுங்க, நான் சாப்பிடுறேன்.”

நான்தான் சொன்னேன். அடுத்த முறை போனபோது ஜவ்வரிசிப் பாயசம் தயாராக இருந்தது. மூன்றாவது கரண்டியில் உள்நாக்கு அரித்தது. ஐந்து நிமிடத்தில் குரல் மாறியது, மூச்சு சீட்டி அடித்தது. தரையில் படுக்க வைத்தார்கள். அண்ணி என் காலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, குணா சேலையோடு சேர்த்துத் தொடையில் பேனாவைக் குத்தினார். பிறகு ஆம்புலன்ஸ், ஆக்சிஜன், ஒருநாள் கண்காணிப்பு. அனஃபிலாக்சிஸ் (உடல் முழுவதையும் தாக்கும் கடும் ஒவ்வாமை) என்று அட்டையில் எழுதினார்கள்.

மறுநாள் அண்ணி வார்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே ஒரு காலிப் பொட்டலம்.

“நான் பால் ஊத்தலம்மா. இதத்தான் கரைச்சு விட்டேன். நீ குடுத்ததுதான்.”

உண்மைதான். நான் வேலை செய்வது தெலுக் பங்லிமா காராங்கில், தேங்காய்ப் பால் தூளை ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையில். கப்பல் ஆவணங்கள் என் பொறுப்பு. மிஞ்சிய ஏற்றுமதிப் பொட்டலங்களைத் தீபாவளிக்கு ஊழியர்களுக்குக் கொடுப்பார்கள். அலர்ஜி வருவதற்கு முன்பே அதில் ஆறை அண்ணிக்குக் கொடுத்திருந்தேன். தூளில் எண்ணெய் பிரியாமலிருக்கச் சில வகைகளில் கேசினேட் (கேசினிலிருந்து எடுத்த பொருள்) சேர்ப்பார்கள். உறையில் அது அச்சாகித்தான் இருந்தது, எங்களுக்குத் தெரியாத ஏதோ ஐரோப்பிய மொழியில். எனக்குப் படிக்கத் தெரிந்தது மூலையில் இருந்த கோஷர் முத்திரை (யூதர்களின் உணவு விதிப்படி தயாரித்தது என்பதற்கான அடையாளம்). அதன் பக்கத்தில் ஆங்கில எழுத்து டி. பால் பொருள் உண்டு என்று அர்த்தம் என்பது அன்று போனில் தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பதினோரு வருடமாக நான் டி என்று குறித்த பேலட்டை (சரக்கு அடுக்கிய பலகை) ஒரு கன்டெய்னருக்கும், பார்வே என்று குறித்ததை இன்னொரு கன்டெய்னருக்கும் அனுப்பியவள். டி என்றால் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஏற்றுமதிக்கு ஏதோ குறியீடு என்று நினைத்திருந்தேன். அண்ணி கட்டிலருகே உட்கார்ந்து அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகை வரவில்லை.

மீதியை வேலைக்குத் திரும்பியதும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். யூதர்கள் இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்பதில்லை. எனவே எதில் பால் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பால் இருந்தால் டி. பால், இறைச்சி இரண்டுமே இல்லாதது பார்வே. பால் ஓடிய இயந்திரத்தில் செய்தது என்றால் சிலர் டிஇ என்று போடுவார்கள். எங்கள் ஆலையில் டி-யிலிருந்து பார்வேக்கு மாறும்போது இயந்திரத்தை ஒரு நாள் சும்மா போட்டு, பிறகு கொதிநீரால் கழுவுவார்கள். அதற்கான தாள்களையும் நான்தான் கோப்பில் போட்டுவந்தேன்.

பங்சாரில் இறக்குமதிச் சாமான் விற்கும் கடையில் மற்றவர்கள் ஹலால் முத்திரையைப் பார்ப்பார்கள், நான் கோஷர் முத்திரையின் பக்கத்தில் டி-யைத் தேடுவேன். முன்பக்கம் பெரிதாக ‘பால் அல்லாத கிரீமர்’, பின்பக்கம் பொடியாக டி. உப்பு பிஸ்கட்டில் டி. உருளை வறுவலில் டி. பத்து வரிப் பொருள் பட்டியலைப் படிப்பதைவிட ஓர் எழுத்தைப் பார்ப்பது சுலபம். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது.

அந்தத் தலைக்கனத்தில் ஒரு கருப்புச் சாக்லேட் வாங்கினேன். பார்வே என்று போட்டிருந்தது, வேறெதையும் படிக்கவில்லை. இரண்டு துண்டில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்தது. தொண்டை தப்பியது. மடித்து ஒட்டிய காகிதத்தின் உள்பக்கத்தில், பால் கலந்திருக்க வாய்ப்புண்டு என்று எழுதியிருந்தது.

முத்திரைக்காக எங்கள் ஆலையைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு பெரியவர் வருவார். பார்வே என்று போட்டும் எனக்கு ஏன் இப்படி ஆனது என்று அவரிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “நான் மத விதியைத்தான் பார்க்கிறேன், உங்கள் ரத்தத்தை அல்ல,” என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். “டி இருந்தால் எடுக்காதீர்கள். பார்வே இருந்தால், அங்கேயிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.”

என் டாக்டரும் அதைக் கேட்டுத் தலையாட்டினார். இதைப் படிப்பவர்களுக்கும் நான் சொல்வது அவ்வளவுதான். டி-யை நம்புங்கள். பார்வேயை மட்டும் நம்பி வாயைத் திறக்காதீர்கள், ஒவ்வாமை எச்சரிக்கையையும் பொருள் பட்டியலையும் படியுங்கள், சந்தேகமிருந்தால் தயாரித்தவரைக் கேளுங்கள். முட்டையும் மீனும் வேர்க்கடலையும் பார்வேதான், எனவே அவை ஆகாதவர்களுக்கு அந்தச் சொல்லால் பயனில்லை. பி என்ற தனி எழுத்து பார்வே அல்ல, யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு உரியது. முத்திரையே இல்லாத பொட்டலத்தில் பால் இல்லை என்றும் அர்த்தமில்லை. வயிறு மட்டும் படுத்தும் இன்டாலரன்ஸ்காரர்களுக்கு ஒரு தவறு ஒரு மாலைப்பொழுதைக் கெடுக்கும். என் போன்றவர்களுக்கு அப்படியல்ல.

அண்ணி எட்டு மாதம் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. நான் போனால் டம்ளரைக்கூடக் கழுவாமல் தரமாட்டார். என் பக்கம் தட்டை நகர்த்தவே அவருக்குப் பயம். அலர்ஜியைவிட அதுதான் எனக்கு வலித்தது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை போன் செய்தார். “நாளைக்கு வா. என்னென்ன போடப்போறேனோ எல்லாத்தையும் மேசைல வச்சிருக்கேன். நீயே பாரு. பாத்தப்புறம்தான் அடுப்பு பத்த வப்பேன்.”

போனேன். உப்பு, மஞ்சள், எண்ணெய், புளி, மசாலாத்தூள், எல்லாம் உறையோடு. தேங்காய் முழுசாக, உடைக்காமல். பால் படாத புதுச் சட்டி ஒன்று. அரைமணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு மசாலாத்தூளை மட்டும் தள்ளி வைத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

முருங்கைக்காய்க் கறி. முதல் வாயை விழுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். இப்போது என் உடம்பு அப்படித்தான். விழுங்கியதும் நாக்கு, உதடு, உள்நாக்கு, மூச்சு என்று ஒவ்வொன்றாகப் போய் விசாரிக்கிறேன். மற்றவர்களுக்குச் சாப்பாடு வாயோடு முடிகிறது, எனக்கு விழுங்கிய பிறகுதான் தொடங்குகிறது. டாக்டர் இரண்டு மணி நேரம் கவனிக்கச் சொன்னார். முதல் இருபது நிமிடம்தான் எனக்கு நீளம். அந்த நேரத்தில் நான் யாரோடும் பேசுவதில்லை. என்னோடு எனக்கு மட்டுமே உள்ள நேரம் அது என்று நினைத்திருந்தேன்.

இருபது நிமிடம் ஆனதும் நிமிர்ந்தேன். எதிரில் அண்ணியின் தட்டில் சோறு பிசைந்தபடியே இருந்தது. ஒரு பருக்கைகூட வாய்க்குப் போகவில்லை.

“ஏன் அண்ணி சாப்பிடல?”

“உனக்கு ஒண்ணும் ஆகலல்ல?” என்றார். “சரி. இனி நான் சாப்பிடுறேன்.”