வண்டிக்கு ஒரு கூரை

அயனி மரத்தில் அறுத்தெடுத்த இரண்டு கட்டைகள். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து. சரிவான பக்கம்தான் டயரின் அடியில் போக வேண்டும், மாற்றி வைத்தால் ஏச்சு விழும். அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், அவற்றைத் தானே அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய இன்ஜின் ஆயில் பூசிக் காயவைத்திருந்தார். அவருடைய வண்டி ஊருக்கு வந்து நின்றதும் பின்சக்கரங்களுக்கு அந்தக் கட்டைகளை வைப்பதும், புறப்படும்போது எடுப்பதும் என் வேலை. அது எப்படி என் வேலை ஆயிற்று என்று எனக்கே தெரியாது. அடுத்த வீட்டில் குடியிருக்கும் மைத்துனனுக்கு இப்படிச் சில உத்தியோகங்கள் தானாக வந்து சேரும். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டி, "கட்டைய எடு, மக்கா" என்பார். எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டு இறங்குகிறவர்கள் "வாறேன்" என்று சொல்லித்தான் இறங்குவார்கள். அத்தான் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. கட்டையை எடுக்கச் சொன்னால் போகிறார் என்று அர்த்தம்.

அத்தான் காஞ்சிரங்குளத்துக்காரர். முதலில் லாரி ஓட்டினார், பிறகு வளைகுடாவில் டிரெய்லர். கல்யாணமான சூடு ஆறுமுன்னே விமானம் ஏறியவர், தலை முழுக்க நரைத்த பிறகுதான் ஒரேயடியாகத் திரும்பினார். இனி வீட்டில் இருப்பார் என்று அக்கா நினைத்தாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அவரோ பழைய வேன் ஒன்றை வாங்கி வந்து, பாறசாலையில் ஒரு வெல்டிங் பட்டறையில் நிறுத்தி, அதற்குள் ஒரு வீட்டைக் கட்ட ஆரம்பித்தார். கட்டில், கேஸ் அடுப்பு, மடக்கு மேசை, கூரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, முட்டி இடிக்காமல் யாரும் உட்கார முடியாத ஒரு கழிப்பறை. வண்டி முதன்முதலாக எங்கள் இடவழிக்குள் நுழைந்த அன்று சந்தியில் நின்ற ஆட்டோக்காரர்கள் எல்லாம் பின்னாலேயே வந்தார்கள். "உள்ள எந்த நடிகையாக்கும்?" என்று ஒருவன் கேட்டான். அத்தான் சிரிக்கவில்லை. "நடிகை அடுக்களையில நிக்குதாளு. போய்ப் பாரு" என்றார். அக்கா அடுக்களை ஜன்னலைப் பட்டென்று சாத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது.

வீட்டில் அவரால் இருக்க முடியாது. வந்து சில நாட்கள் சரியாக இருப்பார். மீன் வாங்கி வருவார், தேங்காய் பொதித்து மட்டை உரிப்பார், ரேஷன் கடைக்குக்கூடப் போய் வருவார். அதன் பிறகு முற்றத்தில் நடக்கத் தொடங்குவார். டயரைத் தட்டிப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், காரணமில்லாமல் எரிந்து விழுவார். வண்டியை எப்போதும் பின்னோக்கி ஏற்றித்தான் பிலாமரத்தின் கீழே நிறுத்துவார். முகம் இடவழியைப் பார்த்து நிற்கும். வந்த அன்றே போவதற்குத் தயாராக நிற்கிற வண்டி அது. பிலாமரத்தின் அடியில் நிறுத்தாதே, சக்கை, அதாவது பலாப்பழம், விழும் என்று சொல்லாதவர்கள் இல்லை. ஒரு நாள் நல்ல மூத்த சக்கை ஒன்று விழுந்தே விட்டது. கூரைத் தகட்டில் ஒரு குழி, குழியின் ஓரத்தில் ஒரு கீறல். அப்போதாவது ஒரு ஷெட் போடலாம் என்று நான் சொன்னேன். "கூரைக்க கீழ கேறினா அது வண்டியில்ல மக்கா, பெட்டியாக்கும்" என்றார். கீறலில் எதையோ அப்பி அடைத்தார். அது பெருமழைக்கு ஒழுகும். சரியாகக் கட்டிலின் தலைமாட்டில் ஒழுகும்.

ஒவ்வொரு முறை புறப்படும்போதும் அக்காவிடம் "வாறியா?" என்று கேட்பார். அதை மட்டும் அவர் தவறவிட்டதில்லை. அக்காவும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "மழ களியட்டு." எங்கள் ஊரில் மழை எப்போது கழிந்திருக்கிறது? வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி போனால் ஐப்பசியில் துலாமழை, அது போனால் எங்கிருந்தோ ஒரு புயல் மழை, பிறகு கோடையில் இடியோடு ஒன்று. அக்கா வரமாட்டாள் என்பதைச் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை. அவளுக்குக் கோழி உண்டு, மாடு உண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயம் உண்டு. பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போனவள் மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டாள். அத்தானும் வற்புறுத்தமாட்டார். கேட்டார், பதில் வந்தது, கடமை முடிந்தது. உடனே ஜன்னலில் தலை தெரியும். "கட்டைய எடு, மக்கா."

ஒரே ஒரு முறை நான் அவருடன் போயிருக்கிறேன். தனுவச்சபுரத்தில் கல்லூரி அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. கோடை விடுமுறையில் கொஞ்சம் லீவு கிடைத்தது. செங்கோட்டை தாண்டி ஒரு பெரிய குளத்தின் கரையில் வண்டியை நிறுத்தினார். தானே தேயிலை போட்டார், தானே கஞ்சி வைத்தார், தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம். மதியம் காற்று வந்தது. கட்டிலில் படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். வீட்டில் ஒரு இலை விழுந்தாலும் எழுந்து உட்காருகிற மனிதர், வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். நான் குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று எனக்கும் அந்தக் கிறுக்கு பிடித்தது. அதுவரை பஸ் ஜன்னலில் பார்த்த ரோடு வேறு, இது வேறு. எழுந்ததும் அவர் சொன்னார்: "நீ ரிட்டயர் ஆவு. பின்ன பாப்போம், ரோடு எங்க வரைக்கும் உண்டுண்ணு." விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் அதே பஸ்ஸில், அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்வந்த எனக்கு அந்த ஒரு வாக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்னே அத்தான் போய்விட்டார். ரோட்டில் அல்ல. வீட்டில், கட்டிலில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. வண்டி பிலாமரத்தின் கீழே இடவழியைப் பார்த்து நின்றது. நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் மழை தொடங்கும் போலிருந்தது. நான் பெரிய தார்ப்பாய் ஒன்றை வாங்கி வந்து, காற்று நுழையாதபடி இழுத்து மூடிக் கயிறு கட்டினேன். நம் ஊர் மழைக்கு நாம் எல்லோரும் செய்வது அதுதானே. மழை ஓய்ந்து பிரித்தபோது உள்ளேயிருந்து ஒரு வாடை முகத்தில் அடித்தது. மெத்தையில் பூஞ்சைப் பூப்பல், திரைச்சீலையில் பூப்பல், ஸ்டியரிங்கில்கூட வெள்ளையாகப் படிந்திருந்தது. மேலே இருந்து வந்த தண்ணீரைவிட உள்ளே அடைபட்ட ஈரம் அதிகம் தின்றிருக்கிறது. நாளெல்லாம் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அத்தான் மேல் கோபம் வந்தது, என் மேலும் வந்தது.

இந்த நேரத்தில்தான் அடுத்த வளவுக்காரர் வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். எங்கள் இடவழியில் பாதி அவர் நிலம். அவருடைய அப்பா காலத்திலிருந்தே மதில் கட்டாமல் கிடந்த அந்தப் பாதியை, அத்தானின் வண்டி திரும்பி ஏறட்டும் என்று அப்படியே விட்டு வைத்திருந்தார். இப்போது அவர் மகள் அங்கே வீடு வைக்கிறாள். "சேச்சி, நமக்குள்ள பிணக்கம் ஒண்ணும் வேண்டா. வண்டி இனி வெளிய போவும்ணா நான் மதில் கெட்டமாட்டேன். போவாதுண்ணா இந்த மாசம் கெட்டியிருவேன். நிங்க ஆலோசிச்சு சொன்னா மதி" என்றார். அக்கா ஆலோசிக்கவில்லை. "கெட்டுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இஞ்ச அடுக்களைக்கு எதிர ஷெட் போடணும். தகரம் நல்லதா பாத்து வாங்கு" என்றாள். மதில் வந்துவிட்டால் இடவழியில் ஸ்கூட்டர் போகும், ஆட்டோ நெருக்கிப் போகும், அந்த வண்டி ஒருபோதும் போகாது.

அந்த வாரம் முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் ஷெட் வேண்டும் என்று தோன்றும். பூப்பல் பிடித்து மண்ணாகப் போவதைவிடக் கூரையின் கீழே நல்லபடியாக இருக்கட்டுமே. மாலையில் பஸ் இறங்கி நடக்கும்போது வேண்டாம் என்று தோன்றும். இன்னும் கொஞ்ச காலத்தில் எனக்கு ஓய்வு. லைசென்ஸ் இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது, வண்டி இருக்கிறது. வழியை மட்டும் அடைக்கப் போகிறார்கள். அக்காவிடம் சண்டை போட்டேன். அத்தானுக்கு ஷெட் பிடிக்காது என்றேன். வேண்டுமானால் என் வீட்டுப் பக்கம் ரோட்டோரம் நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். அவள் கறிக்கு அரைத்துக்கொண்டே இருந்தாள். நான் பேசியது அம்மியில் விழுந்து அரைபட்டதுதான் மிச்சம்.

ஆத்திரத்தோடு போய் வண்டியில் ஏறி இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். பேட்டரி இறங்காமல் இருக்க அவ்வப்போது செய்வதுதான். உடனே அடுக்களையில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. அணைத்துவிட்டு ஓடினேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தரையெல்லாம் அரைத்த தேங்காய். "ஸ்டார்ட் செய்யும்போ ஒண்ணு சொல்லிட்டு செய்யி, மக்கா" என்றாள். "அந்தச் சத்தம் கேட்டா இப்பவும் எனக்க வயிறு காந்துது." நான் பாத்திரத்தை எடுத்து வைத்தேன். அவள் குனிந்து தேங்காயை வழித்துக்கொண்டே சொன்னாள்: "கல்யாணம் களிஞ்ச நாள்லேந்து அவிய போறத பாத்தாச்சு. ஒரு தடவ நிண்ணதில்ல. வண்டியாவது நிக்கட்டு."

அத்தானைப் பற்றி எத்தனையோ பேரிடம் எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன். எல்லாம் ரோட்டுக் கதைகள். கட்டையை எடுத்த பிறகு முற்றத்தில் என்ன மிச்சமிருந்தது என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. வண்டி வளைவில் மறையும் வரை பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்குப் போய்விடுவேன். அவர் வரவில்லையே என்று அக்கா அழுதும் நான் பார்த்ததில்லை. அவள் மழையைச் சொன்னாள், நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். அவளோடு போக வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்திருக்கலாம். அவர் இருக்க வேண்டும் என்று இவளுக்கு ஆசை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடிவாதமாக நின்றுவிட்டார்கள். எனக்கு அவர் மேல் இருந்த பிரியம் குறையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் ஷெட்டைப் பற்றி மறுத்துப் பேசவில்லை.

ஷெட் எழும்பியது. உயரம் சரியாகப் பார்த்து, மூன்று பக்கமும் காற்றுப் போகும்படி திறந்து வைத்து, மேலே மட்டும் தகரம். வண்டியை ஏற்ற வேண்டிய நாளில் அக்கா ஒரு நிபந்தனை வைத்தாள். வண்டியின் முகம் அடுக்களையைப் பார்க்க வேண்டும். முற்றத்தில் அதைத் திருப்ப இடமில்லை. வெளியே கொண்டுபோய் ஆலய மைதானத்தில் திருப்பிக்கொண்டு நேராக ஏறி வர வேண்டும். நான் சாவியை எடுத்துக்கொண்டு வந்தபோது அக்கா ஆலயத்துக்கு உடுத்தும் சேலையில் முற்றத்தில் நின்றாள். தலை வாரியிருந்தாள். படியில் கால் வைத்தவள் நின்று, "செருப்ப களட்டணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

கட்டைகளை எடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். முன்சீட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் நேராகப் பார்த்தபடி இருந்தாள். இடவழி, ரேஷன் கடை, ரப்பர் தோட்டம், மைதானம். மொத்தமே கூப்பிடு தூரம். மைதானத்தில் வட்டமடித்து நிறுத்தியதும் அவள் எழுந்து பின்னால் போனாள். அடுப்பைத் தொட்டாள், தொட்டியின் குழாயைத் திருகிப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து, தலைக்கு மேலே சக்கை விழுந்த குழியைப் பார்த்தாள். "இதுக்க கீழயா கிடந்துறங்கினாரு" என்றாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே தார் ரோடு வெயிலில் பளபளத்தது. எனக்கு அடக்க முடியவில்லை. "அக்கா, காஞ்சிரங்குளம் வரைக்கும் ஒண்ணு போயிட்டு வருவோமா? கடல பாத்துட்டு வந்திரலாம்" என்றேன். அவள் கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகலாம் என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. "மழ வருது, மக்கா" என்றாள். நான் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

இப்போது மதில் எழும்பிவிட்டது. பூச்சும் ஆகி, பாசியும் பிடிக்கத் தொடங்கிவிட்டது. எனக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. முற்றத்தில் நடக்கிறேன், வானத்தைப் பார்க்கிறேன், காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன் என்று என் மனைவி சொல்கிறாள். இடவப்பாதி மழையில் ஷெட்டின் தகரம் அதிரும், வண்டியின் மேல் ஒரு துளி விழாது. அந்த நேரம் பார்த்துப் போய் அத்தானின் சீட்டில் உட்காருவேன். கண்ணாடிக்கு எதிரே அடுக்களை ஜன்னல், அதற்குள் அக்கா. நேற்றும் அப்படித்தான். "ஸ்டார்ட் செய்யட்டா?" என்று கத்தினேன். தலையை ஆட்டினாள். இன்ஜின் பிடித்தது. அவள் கையிலிருந்து ஒன்றும் விழவில்லை, கிளறிக்கொண்டே இருந்தாள். இந்த வண்டி இனி எங்கே போகும்? முன்னால் சுவர், பின்னால் மதில். பழக்கம் விடாமல் ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சக்கரத்தின் பக்கம் பார்த்தேன். அக்கா அகப்பையோடு ஜன்னலுக்கு வந்து, மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள்.

"கட்டைய எடுத்திராத, மக்கா."