ஒரே பக்கம் விலகிய ஐந்து பள்ளங்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் ரயிலேறி ஆராய்ச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரே கேலக்ஸிக் கூட்டத்தை இரண்டு விதமாகப் பார்த்து ஒப்பிடுவது என் வேலை. சாதாரண ஒளியில் எடுத்த படத்தில் கேலக்ஸிகள் பொட்டுப் பொட்டாகத் தெரியும். மைக்ரோவேவ் படத்தில் தெரிவது வேறு. கேலக்ஸிகளுக்கு நடுவே நிரம்பியிருக்கும் கொதிக்கும் வாயு, பின்னாலிருந்து வரும் பிரபஞ்சத்தின் ஆதி வெளிச்சத்தில் மங்கலாக ஒரு பள்ளம் போட்டிருக்கும். படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், பள்ளம் பொட்டுகளின் நடுவில் விழ வேண்டும். நான் எடுத்துக்கொண்ட ஐந்து கூட்டங்களிலும் அது தள்ளி விழுந்தது.

வாயு கேலக்ஸிகளை விட்டுப் பிரிந்து நிற்கிறது என்று நானும் என் பேராசிரியரும் முடிவுகட்டினோம். திங்கட்கிழமை கருத்தரங்கில் நான் அதைப் பேசுவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலை ரயில் அண்ணனூரில் நின்றிருந்தது. மடியிலிருந்த படத்தாள்களை அடுக்கியபோதுதான் கவனித்தேன். ஐந்து பள்ளங்களும் ஒரே பக்கம், கிட்டத்தட்ட ஒரே அளவு தள்ளியிருந்தன. வானத்தின் வெவ்வேறு மூலைகளில் இருப்பவை எப்படி ஒன்றுபோல விலகும்? இறங்கி வீட்டுக்குத் திரும்பினேன்.

படங்களைப் பொருத்த நான் எழுதிய புரோகிராமின் அச்சுத்தாளை மேஜையில் விரித்தேன். மைக்ரோவேவ் படம் தன் கட்டங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணியது. என் புரோகிராம் ஒன்றிலிருந்து எண்ணியது. ஐந்தும் தள்ளி விழுந்தது அந்த ஒரு கட்டத்தால்தான்.

தொழிற்சாலையில் ஃபிட்டரான அப்பாவுக்கு அன்று இரண்டாம் ஷிப்ட்; காலையில் வீட்டில்தான் இருந்தார்.

"இன்னாம்மா, மூஞ்சி இப்டிக் கீது?"

சொன்னேன்.

"உன்னத் தவர யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது நைனா."

"அப்ப வாயத் தொறக்காத. படிப்ப நிறுத்திட்டா இன்னா பண்ணுவ?"

அவர் முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் என் பயம் இரண்டு மடங்கானது. செருப்பை மாட்டிக்கொண்டு டெலிபோன் பூத்துக்கு நடந்தேன். இரண்டு முறை நம்பரைச் சுழற்றிவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது முறை பேராசிரியர் எடுத்தார்.

"சார், அஞ்சும் தப்பு."

விவரம் சொன்னேன்.

"திருத்திப் போட்டுப் பாத்தியா?"

"இல்ல சார். பயமா இருக்கு."

"லேபுக்கு வா. நானும் வர்றேன்."

மத்தியானம் ஒவ்வொன்றாகத் திருத்திப் போட்டோம். நான்கு பள்ளங்கள் பொட்டுகளின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டன. ஐந்தாவது கிட்டே வந்தது, ஆனால் பொருந்தவில்லை. ஒன்றாவது மிஞ்சியதே என்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்னொரு தப்பு எங்கோ ஒளிந்திருக்கிறது என்றுதான் தோன்றியது. ஞாயிறு முழுவதும் தேடினேன். கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் தாளாக என் தவறைத்தான் திரையில் போட்டேன். முன்வரிசையிலிருந்து ஒருவர், ஐந்தாவதை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டார்.

"நம்ப வேண்டாம் சார். நீங்களும் படம் எடுத்துப் பாருங்க" என்றேன்.

சில மாதங்கள் கழித்து, வேறு கருவியில் பார்த்தவர்களிடமிருந்து கடிதம் வந்தது. ஐந்தாவதில் விலகல் இருப்பது உண்மை, அங்கே இரண்டு கூட்டங்கள் மோதியதில் வாயு பிரிந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். லேப் மாடிப்படியில் உட்கார்ந்து அதை மூன்று தடவை படித்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது.