இரண்டு படங்கள், ஒரு முறிவு

தொண்ணூற்றைந்தோ தொண்ணூற்றாறோ, சரியாக நினைவில்லை. மைசூரில், மார்க்கெட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே ரெக்கார்டு செக்‌ஷனில் எனக்கு வேலை. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், ஆபீசில் இங்கிலீஷ் என்று மூன்றிலும் அரைகுறையாக வளர்ந்தவள் நான். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் எனக்கு வேலையே கொடுத்தார்கள் என்று அம்மா கிண்டல் செய்வாள்.

நோயாளி வீட்டுக்குப் போகிற நாளில் கேஸ் ஷீட் என் மேஜைக்கு வரும். அதைப் படித்து, என்ன நோய் என்று டிஸ்சார்ஜ் கார்டில் எழுதி, டாக்டரின் கையெழுத்துக்கு வைக்க வேண்டும். பிறகு தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் உண்டு. அதில் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைத் தேடி ரெஜிஸ்டரில் போட வேண்டும். நோயாளிகளின் முகத்தை நான் பார்ப்பதே இல்லை. காகிதம் வரும், காகிதம் போகும்.

ஒரு நாள் ஆறு வயதுப் பெண் குழந்தையின் கேஸ் ஷீட் வந்தது. கட்டிலிலிருந்து விழுந்துவிட்டதாம். டாக்டர் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: முழங்கையில் முறிவு. வலது கையா, இடது கையா? உள்ளே எல்லாப் பக்கத்தையும் புரட்டினேன். எங்கும் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் இன்னும் குழப்பம். முழங்கை மூட்டில் மூன்று எலும்புகள் சேர்கின்றன. மேல்கை எலும்பின் அடிப்பாகம் முறிந்தால் ஓர் எண், கீழ்க்கை எலும்புகளின் மேல்பாகம் முறிந்தால் வேறோர் எண். இதில் எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மாடியேறிப் போய் டாக்டரைக் கேட்டிருக்க வேண்டும். அவர் முன்கோபி, எனக்குக் கொஞ்சம் கர்வம், அதனால் போகவில்லை. எக்ஸ்ரே கவரைப் பிரித்தேன். உள்ளே இரண்டு படங்கள், ஒன்று வலது முழங்கை, மற்றது இடது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இரண்டிலும் மூட்டைச் சுற்றிச் சின்னச் சின்ன எலும்புத் துண்டுகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஐயோ பாவம், ரெண்டு கையும் போச்சே என்று நினைத்தபடி, 'இரண்டு முழங்கைகளிலும் முறிவு' என்று கார்டிலும் ரெஜிஸ்டரிலும் என் முத்தான கையெழுத்தில் எழுதினேன். மற்ற கார்டுகளோடு சேர்த்து, படித்துப் பார்க்காமலே டாக்டரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை நேரம். வேட்டி கட்டிய ஓர் ஆள் என் அறை வாசலில் வந்து நின்றார். பின்னால் ஒரு பெண், கிட்டத்தட்ட என் வயதுதான். அவள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு குழந்தை. அந்த ஆளின் ஒரு கையில் நான் எழுதிய கார்டு, மறு கையில் குழந்தையின் துணிமணி திணித்த ஒயர் கூடை.

அவர் குழந்தையின் தாய்மாமன், கொள்ளேகால் பக்கம் விவசாயம். குழந்தையின் அம்மா இறந்துபோனதால் அப்பா மறுமணம் செய்துகொண்டிருக்கிறார். கூட நிற்பவள் சித்தி. அப்பாவுக்குப் பெங்களூரில் கட்டடங்களுக்குச் சென்டரிங் அடிக்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். குழந்தையைப் பார்க்க வந்த மாமன் கார்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருக்கிறார்.

"ஏனுங்க அம்மணி, கட்டல்ல இருந்து உழுந்தா ஒரு கை முறியும். ரெண்டு கையும் எப்பிடிங்க முறியும்?" என்று கேட்டார். அடித்து முறுக்கியிருக்கிறாள் என்பது அவர் முடிவு. மத்தியான பஸ்ஸில் குழந்தையை ஊருக்குக் கூட்டிப் போகிறாராம். ஆஸ்பத்திரி வாயாலும் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதுமாம்.

அந்தப் பெண் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஒரு கைதானுங்க மேடம் முறிஞ்சது. நாந்தானுங்க தூக்கிட்டு ஓடியாந்தேன்."

நான் ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கை என்றுதான் இருந்தது. எழுதியவளே நான் என்பது அந்த நிமிஷம் உறைக்கவே இல்லை, காகிதத்தில் இருக்கிறதே, அது போதாதா? ரெக்கார்டில் இரண்டு என்றுதான் இருக்கிறது என்று கறாராகச் சொன்னேன். மாமன் குழந்தையைக் கூப்பிட்டார். அது இன்னும் இறுக்கமாகச் சித்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டது. பயத்தில் பிடிக்கிறது என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. சித்தி என்று கேட்டபோதே என் மனசு தீர்ப்பு எழுதிவிட்டது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் அவள் அழுத அழுகை என்னவோ செய்தது. பழைய கவரைத் தேடி எடுத்தேன். பக்கத்து எக்ஸ்ரே அறையில் இருந்தவரிடம் போய், இரண்டு கையும் முறிந்ததுதானே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் இரண்டாவது படத்தை விளக்கில் மாட்டிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இது சென்னாகிரோ கை அல்வேனம்மா?"

இது நல்லா இருக்கிற கைதானே என்று கேட்டார். குழந்தைகளுக்கு முழங்கை எலும்பு முழுதாகச் சேர்ந்திருக்காதாம், துண்டு துண்டாகத்தான் தெரியுமாம். எது முறிவு, எது வளர்ச்சி என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் நல்ல கையையும் படம் எடுப்பார்களாம்.

கார்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் போட்ட சத்தம் மாடிப்படி வரை கேட்டிருக்கும். அவர் எழுதாததை நான் ஏன் எழுதினேன், புரியாவிட்டால் வந்து கேட்க வாய் இல்லையா என்றார். வலது மேல்கை எலும்பு மட்டும்தான் முறிந்தது என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

கீழே வந்து, தப்பு என்னுடையது, டாக்டருடையது அல்ல, இந்த அம்மாவுடையதும் அல்ல என்று மாமனிடம் சொன்னேன். அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முன்ன ரெண்டுன்னீங்க. இப்ப ஒண்ணுங்கறீங்க. நா எதைங்க நம்பறது?"

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் நிலையில் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அந்தப் பெண்தான் கீழே உட்கார்ந்து, "ரெண்டு கையும் மடக்கிக் காட்டு கண்ணு" என்றாள். குழந்தை கைகளை மடக்கியது. இடது கை சட்டென்று தோளைத் தொட்டது. வலது கை பாதியில் நின்றுவிட்டது. கட்டுப் பிரித்ததிலிருந்து தினமும் மடக்கி நீட்டிப் பழக்குகிறாளாம். கொஞ்சம் கொஞ்சமாக, விரல் விரலாகத்தான் மடங்குகிறதாம். குழந்தை அவள் தோளில் சாய்ந்துகொண்டு, வலிக்குது அம்மா, போதும் என்று முனகியது. அம்மா என்றுதான் கூப்பிட்டது.

மாமன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒயர் கூடையை அந்தப் பெண்ணின் பக்கத்தில் வைத்தார். தனியாக வாசலைப் பார்த்து நடந்தார்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை. குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "நீங்களும் என்னய அப்பிடித்தான நெனச்சீங்க மேடம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வேலையில் இருந்த வரைக்கும் டாக்டர் எழுதாத ஓர் எழுத்தை நான் எழுதியதில்லை. எத்தனை தடவை திட்டு வாங்கினாலும் மாடியேறிக் கேட்டுவிட்டுத்தான் வருவேன். அன்றைக்கு ரெஜிஸ்டரில் இருந்த தப்பின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டு, ஒரே நிமிஷத்தில் சரிசெய்துவிட்டேன். அந்தப் பெண்ணைப் பற்றி நான் நினைத்ததன் மேல் எங்கே கோடு போடுவது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.