ஒரு வீட்டுக்கு இரண்டு கேரம் போர்டு

சொன்னால் சிரிப்பீர்கள். ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தங்கைக்கு, ஒரே நாளில், ஒரே அளவில் இரண்டு கேரம் போர்டு வாங்கிக் கொடுத்த அறிவாளி நான்தான்.

போன மாதம், காலாண்டு லீவில் நடந்தது. எங்கள் மாடி வீட்டு ஜெனிட்டாவின் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்தான். மகன் ஆல்வின் பிறந்தது ஜூலையில், மகள் ஷைனி பிறந்தது நவம்பரில். அந்த இரண்டு தேதியிலும் அப்பா ஊரில் இருந்ததே இல்லை. அதனால் இந்த வருஷம் அவர் கப்பலிலிருந்து இறங்கியதும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பார்ட்டி.

தூத்துக்குடியில் கப்பலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இது சகஜம். காலண்டர் என்ன சொன்னால் என்ன? லீவு சொல்வதுதான் தேதி.

சரி, இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பார்ட்டி என்றால் எத்தனை கிஃப்ட்? ஒன்றா, இரண்டா? பெரியவனுக்குப் பெரிசா, சின்னவளுக்குச் சின்னதா? கடையில் விழித்துக்கொண்டு நின்றபோது கடைக்கார அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டு பிள்ளையளா? ஒண்ணு போல ரெண்டு எடுத்துருங்கம்மா. சண்டையே வராது."

நியாயமாகத்தான் பட்டது. இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரும்போதும் நியாயமாகத்தான் பட்டது. கேரம் போர்டு பிரிக்காமலே தெரிந்துவிடும் சாமான் அல்லவா? ஆல்வின் இரண்டு பார்சலையும் பார்த்துவிட்டு, ரெண்டு போர்டில் எப்படிச் சேர்ந்து விளையாடுவது என்று கேட்டான்.

நான் மட்டும் என்றால் பரவாயில்லை. வந்தவர்கள் எல்லாரும் அதே அண்ணாச்சியிடம்தான் யோசனை கேட்டிருப்பார்கள் போல. ஒரே மாதிரி இரண்டு தண்ணீர் பாட்டில், இரண்டு பென்சில் பாக்ஸ், இரண்டு அலாரம் கடிகாரம்... மேஜை மேல் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி எல்லாம் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தன.

ஜெனிட்டாவின் சித்தப்பா மட்டும் மாற்றி யோசித்தார். ரெண்டு பேருக்கும் சேர்த்து என்று சொல்லி ஒரு கிரிக்கெட் பேட் கொடுத்தார். ஷைனி அதைத் தொட்டது போட்டோவுக்கு மட்டும்தான். பொதுவாகக் கொடுக்கிற சாமான் பெரிய பிள்ளையின் அலமாரிக்குத்தான் போய்ச்சேரும் — சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டிலேயே பாருங்கள்.

எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். கலர் பேப்பர்களைப் பொறுக்க ஒத்தாசைக்கு நின்றேன். ஷைனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டாம் வகுப்புதான், ஆனால் பேச்சில் தெளிவு.

"ஆன்ட்டி, என் பர்த்டே இன்னைக்கு இல்ல, தெரியுமா? நவம்பர்ல."

ஜெனிட்டாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "அப்பா இருக்கையில கொண்டாடியாச்சுல்லா. பெறவென்ன?" என்றாள்.

"அப்ப நவம்பர்ல எனக்கு ஒண்ணும் கிடையாதா?"

அவள் அப்பா பலூன்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஜெனிட்டா என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டபோது விஷயத்தைச் சொன்னாள். போன வருஷம் அவர் இல்லாமல்தான் ஷைனிக்குக் கேக் வெட்டினார்களாம். வீடியோ காலில் பார்த்தவர், நெட்வொர்க் சரியில்லை என்று பாதியில் வைத்துவிட்டாராம்.

"நெட்வொர்க்லாம் நல்லாத்தான்க்கா இருந்துச்சு. அவுகளுக்குத் தாங்கல. அதான் இந்த வருஷம் அவுக இருக்கும்போதே ரெண்டையும் சேர்த்து வச்சோம்."

அவரைக் குறை சொல்ல முடியுமா? நடுக்கடலில் கிடக்கிற மனுஷன். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டதும் நியாயம்தானே? எனக்கு மனசு ஆறவே இல்லை.

சேர்த்து நடத்துகிற பார்ட்டிக்குப் போகும்போது நாமெல்லாம் தராசும் கையுமாகத்தான் போகிறோம். ரெண்டு பக்கமும் எடை சரியாக இருந்தால் கடமை முடிந்தது. பிள்ளைகளுக்கு எடை பார்க்கத் தெரியாது. இது எனக்கு, எனக்கு மட்டும் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். மிட்டாயானாலும் போதும்.

அப்பா மறுபடி கப்பல் ஏறிவிட்டார். இந்தச் செவ்வாய்க்கிழமை ஷைனியின் நிஜப் பிறந்தநாள். வரலாமா என்று ஜெனிட்டாவிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். தாராளமா வாங்க, கேக் மட்டும் வேண்டாம், அவுகளுக்குத் தாங்காது என்றாள். கேக் இல்லாவிட்டால் என்ன? நம்மூர் பேக்கரியில் முந்திரி மக்ரூனுக்கா பஞ்சம்? ஒரு டப்பா வாங்கிக்கொண்டு, சாயங்கால மழையில் மாடி ஏறினேன்.

ஷைனிதான் கதவைத் திறந்தாள். அப்பா காலையிலேயே வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் பேசி அனுப்பியிருந்தாராம். அதை எனக்கு இரண்டு தடவை போட்டுக் காட்டினாள். டப்பாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டு என் இன்னொரு கையைப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு?"

"அண்ணனுக்கு இல்ல. இது உனக்கு மட்டும்தான்."

"நெசமாவா?"

முகத்தைப் பார்க்க வேண்டுமே... எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். திறந்தாள். ஒரு மக்ரூனை எடுத்து, யாரும் சொல்லாமலே அண்ணன் கையில் வைத்தாள். அவன் வாயில் போட்டுக்கொண்டு அடுத்ததற்குக் கை நீட்டினான். டப்பாவை மூடிவிட்டாள்.

"ஒண்ணுதான். ஜூலைல ஆன்ட்டி உனக்கு வாங்கித் தருவாங்க. அப்ப எனக்கு ஒண்ணு தா."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாருங்கள்!